ஆக்சலாட்டல் தொட்டிக்கு எந்தத் தரை? கல், மணல், டைல், வெறும் கண்ணாடி

மீன் தொட்டி வாங்கப் போனால் கடைக்காரர் தொட்டியோடு ஃபில்டர், ஏர் பம்ப், ஒரு பாக்கெட் கலர் கல் என்று வரிசையாக எடுத்து வைப்பார். சென்னை கொளத்தூர் கடையானாலும் சரி, வெளிநாட்டில் ஒரு பெரிய செல்லப்பிராணிக் கடையானாலும் சரி, இந்த வரிசை மாறுவதில்லை. கப்பி, டெட்ரா போன்ற சிறு மீன்களை வளர்த்தால் அந்தக் கல்லால் பெரிய தொந்தரவு கிடையாது. ஆக்சலாட்டல் மீன் அல்ல, தண்ணீரிலேயே வாழும் நாலு கால் உள்ள சாலமாண்டர் வகைப் பிராணி. அதை வளர்ப்பவருக்கு, வாங்கிய பொருள்களிலேயே ஆபத்தானது அந்தப் பாக்கெட்தான்.

தொட்டியின் தரைக்கு என்ன போடலாம் என்று யோசிக்கும்போது பலருக்கும் முதலில் தோன்றுவது எது அழகாக இருக்கும் என்பது. முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. இதை என் ஆக்சலாட்டலால் விழுங்க முடியுமா? விழுங்கிவிட்டால் தானாக வெளியே வந்துவிடுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தபின் சுத்தம் செய்யும் வேலை, காலுக்குப் பிடிப்பு, தண்ணீரின் தன்மை, செலவு, அழகு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

விழுங்குவதைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அது தின்பதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தால் புரியும். இடுக்கியில் ஒரு மண்புழுத் துண்டைப் பிடித்து அதன் முகத்துக்கு முன்னால் லேசாக ஆட்டுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். தலை மெல்ல ஒரு பக்கம் திரும்பும். திடீரென்று ஒரு வெட்டு, அவ்வளவுதான், புழுவைக் காணோம். வாய் திறந்ததுகூட நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆக்சலாட்டல் கடித்துத் தின்னும் பிராணி அல்ல, உறிஞ்சித் தின்னும் பிராணி. வாயைத் திறக்கும் அதே கணத்தில் தொண்டை கீழ்நோக்கி விரிகிறது. முன்னால் இருக்கும் தண்ணீர் அந்த இடத்துக்குள் பாய்கிறது, தண்ணீரோடு இரையும் போகிறது. இரைக்குப் பக்கத்தில் கிடப்பதும் போகிறது. பற்கள் உண்டு, ஆனால் மிகச் சிறியவை. வழுக்கும் புழுவைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அவை உதவும், மெல்ல உதவாது. கண் பார்வையும் மோசம். வாசனையையும் தண்ணீரின் அசைவையும் வைத்தே இரை எங்கே என்று குறி பார்க்கிறது. அதனால் புழுவுக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்லை ஒதுக்கிவிட்டுப் புழுவை மட்டும் எடுப்பது அதற்குக் கைவராத வேலை.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ. ஒரு காலத்தில் பக்கத்தில் இருந்த சால்கோ ஏரியிலும் வாழ்ந்தது, அந்த ஏரியை வடித்துவிட்டார்கள். சோச்சிமில்கோவில் இப்போது மிச்சம் இருப்பவை கால்வாய்களும், சேற்றையும் செடிகொடியையும் அடுக்கி எழுப்பிய சினாம்பா என்ற விளைநிலத் திட்டுகளும்தான். அந்தக் கால்வாய்களின் அடியில் இருப்பது மென்மையான வண்டல். இரையோடு ஒரு வாய் சேறு உள்ளே போனாலும் குடலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, வந்த வழியே போய்விடும். 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று மதிப்பிடப்பட்ட ஆக்சலாட்டல் எண்ணிக்கை 2014 கணக்கெடுப்பில் வெறும் 36 ஆகச் சரிந்திருந்தது. நம் தொட்டிகளில் இருப்பவை அங்கிருந்து பிடித்து வந்தவை அல்ல. பெரும்பாலும் 1860களில் பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு சிறு கூட்டத்தின் வழிவந்தவை. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக மனிதர் கையில் வளர்ந்தும், தின்னும் விதம் மட்டும் அந்தச் சேற்றுக் கால்வாயில் இருந்ததுதான்.

கூழாங்கல்லும் கலர் கல்லும்

கடையில் விற்கும் சாதாரணத் தொட்டிக் கல் பெரும்பாலும் 3 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். இதைவிடத் தவறான அளவு கிடைக்காது. வாய்க்குள் சுலபமாக நுழையும், குடலைச் சுலபமாகத் தாண்டாது. ஒரு கல் போனால் சில சமயம் வாந்தியாகவோ மலத்தோடோ வந்துவிடும். நாலைந்து சேர்ந்தால் ஒன்றின் பின்னால் ஒன்று அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றுக்குள் கற்கள் வெள்ளை வெள்ளையாகத் துல்லியமாகத் தெரியும், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எடுப்பதுதான் கஷ்டம். இந்த அளவுள்ள பிராணிக்கு மயக்க மருந்து கொடுத்துக் கல்லை எடுக்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைத்துவிட மாட்டார்.

அடைப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கச் சில அறிகுறிகள் உண்டு. நன்றாகத் தின்றுகொண்டிருந்தது திடீரென்று இரையைத் தொடாது, அல்லது வாயில் வாங்கித் துப்பிவிடும். நாள்கணக்கில் மலம் போகாது. வயிறு ஒரு பக்கம் மட்டும் உப்பியிருக்கும். சில சமயம் அடியில் நிற்க முடியாமல் பின்பகுதி மேலே தூக்கிக்கொண்டு மிதக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் இரை கொடுப்பதை நிறுத்திவிட்டு, அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரைத் தேடுங்கள். குளிர்ந்த தண்ணீரில், அதாவது ஃபிரிட்ஜில் 5 முதல் 8 டிகிரியில் வைத்தால் கல் வெளியே வந்துவிடும் என்ற வைத்தியம் வளர்ப்பவர்களிடையே பரவலாக உண்டு. மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள். அதைவிட முக்கியம், மலத்துவாரத்தில் கல் தலை காட்டினால் கையால் பிடித்து இழுக்கவே கூடாது. குடல் கிழிந்துவிடும்.

“ஆக்சலாட்டல் வேண்டுமென்றே கல் விழுங்கும், மிதக்காமல் இருக்க அது உதவும், நல்லதுதான்” என்று சிலர் சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. கல்லை விழுங்குகிறது என்பது உண்மை. விழுங்குவதாலேயே அது நல்லது என்றாகிவிடாது. ரப்பர் உறிஞ்சியையும் பிளாஸ்டிக் இலையையும்கூடத்தான் விழுங்குகிறது. கிடைத்ததை உள்ளே இழுக்கும் வாய்க்கு, எது வயிற்றுக்கு ஆகும் என்று தேர்ந்தெடுக்கும் புத்தி இருப்பதாக நம்பி நாம் பந்தயம் கட்ட முடியாது.

கலர் கல்லில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. மேலே பூசிய சாயம் நாளடைவில் உரியும். ஆக்சலாட்டலின் தோல் தண்ணீரில் கலந்திருப்பதை நேரடியாக உள்வாங்கும் தோல். மீனுக்கு இருப்பது போலச் செதில் கவசம் கிடையாது. என்ன சாயம் என்று பாக்கெட்டில் எழுதியிருக்காத பொருளை அதன் பக்கத்தில் வைக்க எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் பெரிய கல்? விதி எளிது, அதன் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வாயைவிட அல்ல, தலையைவிட. வாய் நாம் நினைப்பதைவிட அகலமாகத் திறக்கும். வளர்ந்த ஆக்சலாட்டல் 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை வரும். அதற்கு ஒரு கல்லாவது உள்ளங்கை நிறைய இருக்க வேண்டும். உருண்டையான ஆற்றுக் கல் அந்த அளவில் பார்க்க அழகாகவே இருக்கும், ஆபத்தும் இல்லை. ஆனால் தரை முழுவதும் அதைப் பரப்பினால் இடுக்குகளில் மலமும் மிஞ்சிய இரையும் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு கல்லாகத் தூக்காமல் அதை எடுக்க முடியாது. இரண்டு மூன்று கல்லை ஒரு மூலையில் அலங்காரமாக வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெறும் கண்ணாடி

குட்டிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. தலையிலிருந்து வால் நுனிவரை 15 சென்டிமீட்டர் ஆகும்வரை வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். குட்டி எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கும், குடலோ நூல் போல இருக்கும். வளர்ந்ததற்குச் சாதாரணமான மணல்கூடக் குட்டிக்கு அடைப்பு ஆகலாம். ஆராய்ச்சிக் கூடங்களில் தலைமுறை தலைமுறையாக ஆக்சலாட்டல் வளர்ப்பதும் தரையில் எதுவும் இல்லாத பாத்திரங்களில்தான். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இருக்கும் அம்பிஸ்டோமா (ஆக்சலாட்டலின் பேரினப் பெயர்) மரபு வளங்கூடம் போன்ற இடங்களில், அழகைவிடச் சுத்தமும் கண்காணிப்பும் முக்கியம்.

வெறும் தரையின் பெரிய லாபம், எதுவும் ஒளிந்துகொள்ளாது என்பது. மலம் விழுந்த உடனே தெரியும். பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சாலோ, தண்ணீரோடு அழுக்கை வெளியே இழுக்கும் சைஃபன் குழாயாலோ ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடலாம். மலம் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது போனது, நேற்று போட்ட புழு தின்னப்பட்டதா என்பதெல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். புதிதாக வாங்கி வந்ததை, அல்லது நோயிலிருந்து மீளும் ஒன்றை வைக்க இதுதான் இடம். “தரையில் மணல் இல்லாவிட்டால் நன்மை செய்யும் பாக்டீரியா எங்கே வளரும்?” என்று கவலைப்பட வேண்டாம். கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவில் பெரும்பகுதி ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும்தான் குடியிருக்கிறது.

குறை, கால். ஆக்சலாட்டல் அடியில் நடக்கும் பிராணி. நீந்துவது அவசரத்துக்கு, நடப்பது எப்போதும். வழுவழுப்பான கண்ணாடியில் விரல்கள் பிடிப்பு கிடைக்காமல் பக்கவாட்டில் சறுக்குவதை உற்றுப் பார்த்தால் காணலாம், அதிலும் ஃபில்டர் நீரோட்டம் கொஞ்சம் வேகமாக இருந்தால். சில இதற்குப் பழகிவிடும், சில பழகாமல் எப்போதும் மூலையில் ஒண்டிக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து வெளிச்சம் வந்தாலும், தரையில் தன் நிழல் பிரதிபலித்தாலும் அமைதியில்லாமல் அலையும். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் அடியில் ஒரு கறுப்புத் தாள் ஒட்டினாலே இந்தத் தொல்லை பாதி குறையும். வளர்ந்த ஆக்சலாட்டல் 10 முதல் 15 வருஷம் வாழக்கூடியது. அவ்வளவு காலமும் சறுக்கும் தரையில் நிற்கச் சொல்வதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

மணல், ஆனால் எந்த மணல்

வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு என் ஓட்டு மணலுக்குத்தான். சோச்சிமில்கோவின் வண்டலுக்கு நம்மால் கொடுக்க முடிந்த நெருங்கிய பதிலி அது. காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். இரையோடு கொஞ்சம் உள்ளே போனாலும் மலத்தோடு வந்துவிடும். மலத்தைச் சிரிஞ்சில் எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தால் உள்ளே மணல் துகள் மினுங்குவது தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெளியே வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் “மணல் போடுங்கள்” என்று மொட்டையாகச் சொல்வது பாதி ஆலோசனை. எந்த மணல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துகள் 1 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில், உப்புமா ரவை போல, இருந்தால் உத்தமம். துகளின் முனை மழுங்கியிருக்க வேண்டும். தண்ணீரோடு வினை புரியக் கூடாது.

இந்த மூன்றுக்கும் ஒத்துவருவது நீச்சல் குள ஃபில்டருக்கும் குடிநீர் வடிகட்டிக்கும் விற்கும் சிலிக்கா மணல். அளவு பிரித்து, கழுவி, மூட்டையில் வரும். பெரும்பாலும் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வகை கிடைக்கும். வாங்கும்போது துகள் அளவைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் 1 முதல் 2 மில்லிமீட்டர் வகையும் அதே கடையில் அதே பெயரில் இருக்கும். தண்ணீர் சுத்திகரிப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் அலங்கார மீன் கடையைவிட மலிவாகக் கிடைக்கும்.

கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் கூடவே கூடாது. அது பாறையை உடைத்துச் செய்தது. துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும், கூடவே நிறையப் பாறைத் தூளும் இருக்கும். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தாலே முள் போல உறுத்துவது தெரியும். ஆக்சலாட்டலின் வயிற்றுத் தோல் நம் உதட்டைப் போல மெல்லியது. ஆற்று மணல் உருண்டையானதுதான், ஆனால் பொடி முதல் சிறு கல் வரை எல்லா அளவும் கலந்திருக்கும். வீட்டுக்கட்டுமானத்தில் மிச்சம் இருந்தால் உலரவைத்துக் கோதுமை மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, அடியில் விழுவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதில் சிமெண்ட் கலந்திருந்தால் தொடவே வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை எகிறிவிடும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். கடற்கரையிலிருந்து மணல் அள்ளுவது சட்டப்படி சரியும் அல்ல. பவளத் தூள் மணலும் சிப்பித் தூள் மணலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரைக் கடினமாக்கி, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை மேலே தள்ளும். துகளும் பெரும்பாலும் கரடுமுரடாக இருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஆக்சலாட்டல் மென்நீர்ப் பிராணி அல்ல. பிஎச் 7.4 முதல் 7.6 வரை, ஓரளவு கடினமான தண்ணீரே அதற்கு நல்லது. அதனால் கொஞ்சம் சுண்ணாம்பு அதற்கு விஷமாகிவிடாது. ஆனால் போர்வெல் தண்ணீர் வரும் பல வீடுகளில் ஏற்கெனவே கடினத்தன்மை தேவைக்கு மேல் இருக்கிறது. அதற்கு மேல் தரையிலிருந்தும் ஏற்றுவானேன்? பிஎச் 7இலிருந்து 8க்குப் போனால், தண்ணீரில் இருக்கும் மொத்த அம்மோனியாவில் நச்சான வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிவிடும். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். 16 முதல் 18 டிகிரியில் இருக்க வேண்டிய தொட்டியில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்திருந்தும் மின்தடையில் வெயில் நாளில் 26, 27 என்று ஏறிவிட்டால், தரையில் தேங்கிய அழுக்கு அன்று செய்யும் கெடுதல் மற்ற நாளைவிடப் பெரிது. தரையைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஊர்த் தண்ணீரையும் வெயிலையும் மறக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

90க்கு 45 சென்டிமீட்டர் அடியுள்ள தொட்டிக்கு 2.5 சென்டிமீட்டர் உயரம் மணல் போட ஏறக்குறைய 10 லிட்டர், அதாவது 15, 16 கிலோ தேவைப்படும். இதற்கு மேல் ஆழம் வேண்டாம். ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் போகாது. அங்கே வேறு வகை பாக்டீரியா வளர்ந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். கண்ணாடிப் பக்கமாகப் பார்த்தால் மணலுக்குள் கறுப்புத் திட்டாகத் தெரியும். வாரம் ஒருமுறை ஒரு குச்சியால், அல்லது கையால், லேசாகக் கிளறிவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. கிளறும்போது ஃபில்டரை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மணல் மோட்டாருக்குள் போய் இறக்கையைத் தேய்த்துவிடும்.

கழுவும் வேலைக்குச் சோம்பல் கூடாது. ஒரு பக்கெட்டில் கால்பங்கு மணல், மேலே குழாய்த் தண்ணீர், கையை விட்டு நன்றாகப் பிசைந்து, கலங்கிய தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். முதல் சில தடவை டீ போல வரும். பிறகு மோர் போல, பிறகு அரிசி கழுவிய தண்ணீர் போல. பக்கெட்டின் அடி மணல் தெளிவாகத் தெரியும்வரை விடாதீர்கள். சோப்பு வேண்டாம். தொட்டியில் பரப்பியபின் மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் கலங்காது. எவ்வளவு கழுவினாலும் முதல் நாள் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

சுத்தம் செய்வதில் மணலுக்குக் கெட்ட பெயர் உண்டு, பாதிதான் நியாயம். நல்ல மணலில் மலம் உள்ளே இறங்காது, மேலேயே கிடக்கும். சைஃபன் குழாயை மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்து வட்டமாகச் சுழற்றினால் அழுக்கு மட்டும் எழும்பிக் குழாய்க்குள் போகும், கனமான மணல் திரும்ப விழும். கை பழகக் கொஞ்ச நாள் ஆகும். இரையையும் மணல் மேல் வீசாமல் இடுக்கியால் கொடுங்கள், அல்லது ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் போடுங்கள். மணல் வயிற்றுக்குப் போவது பெருமளவு குறையும், மிஞ்சியது அழுகாது.

மணலின் நிறம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை மணல் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பும். ஆக்சலாட்டலுக்குக் கண்ணிமை கிடையாது, வெளிச்சம் பிடிக்காது. பழுப்பு அல்லது மங்கலான சாம்பல் நிறம் நல்லது. “கறுப்பு மணல்” என்று விற்பதில் சில உலோகம் தேய்க்கும் வேலைக்கான கசடு. கண்ணாடித் துண்டு போலக் கூர்மையாக இருக்கும். கறுப்பு வேண்டும் என்றால் கையில் தேய்த்துப் பார்த்த பிறகுதான்.

டைல்

மணலைக் கிளறவும் சைஃபன் பிடிக்கவும் நேரம் இல்லாதவர்களுக்கு, அல்லது வீட்டில் மணல் கழுவ இடம் இல்லாதவர்களுக்கு, டைல் நல்ல வழி. விழுங்க முடியாது என்பதால் அடைப்பு பயம் அறவே இல்லை. வெறும் கண்ணாடியின் சுத்தமும் கிடைக்கும், பிடிப்பும் கிடைக்கும். வெளிநாடுகளில் இயற்கையான சிலேட் கல் டைல் பிரபலம். நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பது குளியலறைக்குப் போடும் வழுக்காத, பளபளப்பில்லாத பீங்கான் டைல். டைல் கடையில் உடைந்த பெட்டியிலிருந்து மிச்சம் கேட்டால் சொற்ப விலைக்குக் கொடுப்பார்கள். மேல் பூச்சில் உலோக மினுமினுப்பு இருந்தால் தவிர்த்துவிடுங்கள். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் விரல் கிழியும்.

வீட்டில் சமையலறை அலமாரி போட்டு மிஞ்சிய கடப்பா கல் பலரிடம் கிடக்கும். அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சைச் சாறை அப்படியே விட்டால் வினை அவ்வளவாகத் தெரியாது. கத்தியால் ஓரத்தைச் சுரண்டி அந்தப் பொடியின் மேல் விட்டுப் பாருங்கள், நுண்ணிய நுரை வரும். நுரைக்கும் எந்தக் கல்லும் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். தண்ணீர் மிக மென்மையாக இருக்கும் ஊரில் இது பரவாயில்லை, போர்வெல் வீட்டில் வேண்டாம். பளிங்குக்கும் இதே கதை. கிரானைட் வினை புரியாது, ஆனால் மெருகேற்றிய கிரானைட் கண்ணாடியைவிடச் சறுக்கும். மெருகேற்றாத பின்பக்கத்தை மேலே வைக்கலாம், அதில் பிசின், சாயம் எதுவும் பூசியிருக்காத பட்சத்தில்.

டைலின் பலவீனம் அதன் அடி. இரண்டு டைலுக்கு நடுவிலும் ஓரங்களிலும் அழுக்கு நுழைந்து அடியில் தங்கும், அங்கே அழுகும். மாதம் ஒருமுறை தூக்கிக் கழுவ வேண்டும். அதைத் தவிர்க்க மீன் தொட்டி சிலிக்கோனால் ஓரம் முழுதும் அடைத்துவிடலாம். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கோனை வாங்கிவிடாதீர்கள். ஒட்டியபின் புளிப்பு வாசனை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், காயவிட வேண்டும். டைலின் எடை தொட்டியின் அடிக்கண்ணாடியின் மேல் ஒரே புள்ளியில் அழுத்தாமல் படுக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். டைல் போட்டு, இடைவெளியில் மெல்லிய மணலைத் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் டைலின் வசதியும் மணலின் வசதியும் இரண்டுமே அதில் பாதியாகிவிடுகின்றன.

மற்றவை

செடி வளர்க்கும் தொட்டி மண், குறுமணிகளாக வருவது, கண்டிப்பாக வேண்டாம். 2 முதல் 5 மில்லிமீட்டர் உருண்டைகள், கடையில் கிடைக்கும் கல்லின் அதே ஆபத்து. புதிதாகப் போட்டதும் அம்மோனியாவை வேறு வெளியிடும், பிஎச்சையும் கீழே இறக்கும். செடி ஆசை இருந்தால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மரக்கட்டையிலோ பெரிய கல்லிலோ கட்டிவிடலாம், மண்ணே தேவையில்லை. மணல் போட்டவர்கள் வாலிஸ்நேரியாவை நேரடியாக நடலாம், சில நாள் பிடுங்கிப்போட்டாலும் விடாமல் நட்டால் பிடித்துக்கொள்ளும். ரப்பர், சிலிக்கோன் விரிப்புகளைச் சிலர் போடுகிறார்கள். உணவுக்குப் பயன்படுத்தும் தரத்தில், வாசனையில்லாத சிலிக்கோனாக இருந்தால் குட்டிக்கு ஒரு தற்காலிக ஏற்பாடாகச் சரி. பசை தடவியதும், அலமாரிக்கு விரிக்கும் நுரை வலையும் கூடாது. நுரை பிய்ந்து வாய்க்குள் போகும்.

எனவே யாருக்கு எது? 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டி என்றால் வெறும் கண்ணாடி, விவாதமே இல்லை. வளர்ந்தது, வாரம் ஒருமுறை உட்கார்ந்து சுத்தம் செய்ய உங்களால் முடியும், துகள் அளவு தெரிந்த சிலிக்கா மணல் கிடைக்கிறது என்றால் மணல். வேலைக்குப் போய் இரவில் வருகிறவர், தொட்டியை வீட்டில் பெரியவர்களோ பிள்ளைகளோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் டைல். கை மாறும்போது இரை மணலில் விழுந்து கிடப்பதும் மணல் கிளறப்படாமல் போவதும் சகஜம். டைல் அந்தக் கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும், மணல் பொறுத்துக்கொள்ளாது. குட்டியும் வளர்ந்ததும் ஒரே தொட்டியில் இருந்தால் முதலில் அவற்றைப் பிரித்து வையுங்கள். தரையைவிடப் பெரிய ஆபத்து அங்கே ஒன்றை ஒன்று கடிப்பதில் இருக்கிறது.

இந்தியாவில் வளர்ப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: ஆக்சலாட்டல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படியும் 2024 விதிகளின்படியும் அதை வைத்திருப்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே கல் போட்ட தொட்டியில் ஆக்சலாட்டல் இருக்கிறது என்றால் இன்றே மாற்றுங்கள், அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். முதலில் அதே தொட்டித் தண்ணீரை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் எடுத்து, ஆக்சலாட்டலை அதில் விட்டு மூடி வையுங்கள். மூடியில் காற்றுக்கு ஓட்டை இருக்கட்டும். கல்லை ஒரு கிண்ணத்தால் அள்ளுங்கள். அள்ளும்போது இடுக்கில் இருந்த அழுக்கெல்லாம் கிளம்பித் தண்ணீர் பழுப்பாகிவிடும். அந்தத் தண்ணீரைச் சைஃபனால் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரை ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் அன்று கழுவ வேண்டாம், அது தொட்டித் தண்ணீரில் ஈரமாகவே இருக்கட்டும். கல்லோடு கொஞ்சம் பாக்டீரியாவும் போய்விட்டதால் மிச்சம் இருப்பது முழுக்க ஃபில்டரில்தான். புதிய மணலோ டைலோ போட்டு ஆக்சலாட்டலைத் திரும்ப விட்டபின் ஒரு வாரம் தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்த்துவிடுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏறினால் அன்றே கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள், இரையைப் பாதியாகக் குறையுங்கள். அந்த வாரம் மலத்தையும் கவனியுங்கள். முன்பே விழுங்கிய கல் ஏதாவது உள்ளே இருந்தால் அந்த நாள்களில் வெளியே வரலாம். வராமல் இரையையும் மறுத்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.